சாய்கோட்டை அறியாத நிரல்
கணினியைச் சோதிக்க நம் பெயர்களும் வேண்டும்

மலாக்கா, புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்குள்ள ஒரு வகுப்பின் பெயர்ப்பட்டியலை மனத்தில் கொண்டு வாருங்கள். நம் பெயர்களின் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். மலாய் நண்பர்களின் பெயரில் 'பின்', 'பிந்தி' வரும். சீன நண்பர்களின் பெயரில் குடும்பப் பெயர் முதலில் நிற்கும். உஜோங் பாசிரில் வாழும் போர்த்துக்கீசிய வம்சாவளியினர் சிலரின் குடும்பப் பெயரில் மேற்கோள் போன்ற ஒரு சிறு குறி இருக்கும். இன்னொரு பெயரால் அறியப்படுவோரின் அடையாள அட்டையில் இரண்டு பெயர்களுக்கும் இடையே '@' குறியும் இருக்கக்கூடும்.

இப்போது படிவம் 4 மாணவர் ஒருவர் பள்ளி நூலகத்துக்கு உறுப்பினர் பதிவு நிரல் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் சரியா என்று பார்க்க அவர் ஒரு விதி வைக்கிறார்: "பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே இருக்கலாம்." தமக்குத் தோன்றிய நான்கு பெயர்களைக் கொடுத்துப் பார்க்கிறார். நான்கும் தேறுகின்றன. நிரல் தயார்!

மறுநாள் காலை வரிசையில் முதலில் நிற்கும் மாணவி தம் பெயரைத் தட்டச்சு செய்கிறார். "தவறான எழுத்து" என்று திரை சொல்கிறது. தவறு அவர் பெயரிலா இருக்கிறது?

இது நூலகத்தோடு நிற்கும் சிக்கல் இல்லை. விமான முன்பதிவு முறைகளில் சாய்கோடு என்பது குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் பிரிக்கும் குறி. அதனால்தான் நம்மில் பலரின் பயணச்சீட்டில் சாய்கோடு காணாமல் போய், இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி'யும் மகள் என்று பொருள்படும் 'அனாக் பெரெம்புவா'னும் பெயரில் வரும் ஒரு நாட்டை அந்த முறையை வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

நிரல் எழுதியவர் எண்ணிப் பார்க்காததை எப்படிச் சோதிப்பது? இந்தக் கேள்விக்குக் கணினி அறிவியலில் ஓர் அழகான பதில் உண்டு.

எடுத்துக்காட்டுக்குப் பதில் பண்பு

வழக்கமாக நிரலை எடுத்துக்காட்டுகளால் சோதிக்கிறோம். '2, 3 கொடுத்தால் 5 வர வேண்டும்' என்பது போல. எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பவர் நிரல் எழுதியவரே. எழுதும்போது அவருக்குத் தோன்றாத ஒன்று, சோதிக்கும்போதும் பெரும்பாலும் தோன்றாது.

2000ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் 'குயிக்செக்' என்ற சோதனைக் கருவியை அறிமுகப்படுத்தினர். அது ஹாஸ்கெல் என்ற நிரல் மொழிக்காகச் செய்யப்பட்டது. அதன் வழி வேறு. நாம் எடுத்துக்காட்டு தர வேண்டியதில்லை. எந்த உள்ளீட்டுக்கும் மாறாமல் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு பண்பைச் சொன்னால் போதும். உள்ளீடுகளைக் கணினியே தாயக்கட்டை உருட்டுவதுபோல் தற்போக்காக உருவாக்கி, அந்தப் பண்பு எங்காவது உடைகிறதா என்று தேடும். எதுவும் மாற்றாவிட்டால் ஒரு பண்புக்கு 100 உள்ளீடுகளைச் சோதிக்கும்.

நம் நூலக நிரலுக்கு இப்படிச் சில பண்புகளைச் சொல்லலாம்:

- சேமித்த பெயரைத் திரும்ப எடுத்தால், கொடுத்த பெயரே எழுத்துப் பிசகாமல் வர வேண்டும்.
- பிறந்த தேதியை அடையாள அட்டை எண்ணில் எழுதி, அந்த எண்ணிலிருந்து தேதியைத் திரும்பப் படித்தால் அதே தேதி கிடைக்க வேண்டும்.
- யாருடைய வயதும் சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது.

இதற்குப் பண்புவழிச் சோதனை என்று பெயர். இன்று பெரும்பாலான நிரல் மொழிகளில் இதற்கான கருவிகள் உள்ளன. பள்ளியில் பைத்தான் கற்றவர்களுக்கு 'ஹைப்பாதெசிஸ்' என்ற இலவசக் கருவி கிடைக்கிறது.

இந்த முறை பெரிய தொழில்களிலும் பயன்பட்டிருக்கிறது. இன்றைய காருக்குள் பல சிறு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றின் மென்பொருள் 'ஆட்டோசார்' என்ற பொதுத் தரத்தின்படி அமைய வேண்டும். வோல்வோ கார் நிறுவனத்துக்காக ஜான் ஹியூஸின் குழு அந்த மென்பொருள்களைக் குயிக்செக் கொண்டு சோதித்தபோது 200க்கும் மேற்பட்ட சிக்கல்கள் வெளிவந்தன. அவற்றில் 100க்கும் மேற்பட்டவை தர ஆவணத்திலேயே இருந்த குறைகள்.

வெறும் தற்போக்கு போதாது

"கணினியே உள்ளீடுகளை உருவாக்கிவிடும் என்றால் நமக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை இனிமேல்தான் இருக்கிறது.

நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த இடத்தின் குறியீடு, மலாக்காவுக்கு 04. மீதமுள்ள நான்கில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

ஆங்கில விசைப்பலகையில் தட்டக்கூடிய எழுத்து, எண், குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து 95. குரங்கு கையில் விசைப்பலகை கிடைத்ததுபோல் அவற்றில் 12ஐத் தற்போக்காகத் தட்டினால், 12ம் எண்களாகவே அமைய எத்தனை முறை முயல வேண்டும் தெரியுமா? சராசரியாக 540 பில்லியன் முறை! 100 சோதனைகளில் ஒன்றுகூட நிரலின் வாசலைத் தாண்டி உள்ளே போகாது. "இது எண்ணே இல்லை" என்று முதல் வரியிலேயே எல்லாம் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் பிழை பத்திரமாக உறங்கும்.

சரி, எண்களை மட்டும் தட்டச் சொன்னால்? ஆறு இலக்க எண்கள் மொத்தம் 10 லட்சம், அதாவது ஒரு மில்லியன். நூறு ஆண்டுகளில் உள்ள நாள்களோ 36,525. ஆகவே 100 முயற்சியில் ஏறத்தாழ 96 முறை '13ஆம் மாதம்', '45ஆம் நாள்' போன்ற பொருளற்ற தேதிகளே வரும்.

தவறானவற்றை வடிகட்டி எறிந்துவிட்டால் என்ன? செய்யலாம். ஆனால் ஒரு வாளி மணலில் நான்கு அரிசியைப் பொறுக்குவது போன்ற வேலை அது. இப்படி உருவாக்கியதில் பெரும்பகுதியை வீசினால், ஹைப்பாதெசிஸ் கருவி "மிக அதிகமாக வடிகட்டுகிறாய்" என்று எச்சரித்துச் சோதனையையே நிறுத்திவிடும்.

நாமே கட்டும் உருவாக்கி

இங்கேதான் தனிப்பட்ட தரவு உருவாக்கி வருகிறது. தவறானதை உண்டாக்கி வடிகட்டாமல், சரியானதையே பகுதி பகுதியாகக் கட்டும் சிறிய நிரல் அது. அடையாள அட்டை எண்ணுக்கான உருவாக்கியைத் தமிழில் இப்படி எழுதலாம்:

1. நாட்காட்டியிலிருந்து ஒரு தேதியைத் தற்போக்காக எடு. அதை ஆண்டு, மாதம், நாள் என இரண்டிரண்டு இலக்கமாக எழுது.
2. பயன்பாட்டிலுள்ள இடக் குறியீடுகளின் பட்டியலிலிருந்து ஒன்றை எடு.
3. 000 முதல் 999 வரை ஓர் எண்ணை எடு.
4. ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடு. அதற்கேற்ப ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை இலக்கம் ஒன்றை எடு.
5. எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்.

இனி வரும் ஒவ்வொரு எண்ணும் வடிவத்தில் சரியானது. 100 சோதனை என்றால் 100ம் நிரலின் உள்ளே போய் வேலை செய்யும். சிறிய உருவாக்கிகளைச் சேர்த்துப் பெரிய உருவாக்கியைக் கட்டலாம் என்பது இதன் வசதி. தேதி உருவாக்கி, எண் உருவாக்கி, பெயர் உருவாக்கி மூன்றும் சேர்ந்தால் 'உறுப்பினர் உருவாக்கி'. அவரில் முப்பது பேர் சேர்ந்தால் 'வகுப்பு உருவாக்கி'.

வகுப்பு நண்பர்களின் உண்மையான எண்களையே வாங்கிச் சோதித்தால் என்ன என்று யாருக்காவது தோன்றலாம். வேண்டாம். அடையாள அட்டை எண் ஒருவரின் தனிப்பட்ட விவரம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டதும் இத்தகைய விவரங்களைக் காக்கத்தான். உருவாக்கி இருந்தால் யாருடைய எண்ணையும் கேட்கத் தேவையில்லை. தற்போக்காக வந்த எண் தற்செயலாக ஒருவருடையதாக அமைந்துவிடலாம் என்பதால், சோதனையில் வந்த எண்களையும் வெளியே பகிராமல் இருப்பது நல்லது.

அரிதானதை அடிக்கடி காட்டு

வடிவம் சரியாக வந்தாயிற்று. அடுத்தது அளவு. பிப்ரவரி 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேதிப் பிழைகள் விரும்பிக் குடியிருக்கும் நாள் அது. நூறு ஆண்டின் 36,525 நாள்களில் அது 25 முறைதான் வரும், 1,461இல் ஒன்று. எல்லா நாளுக்கும் சம வாய்ப்புக் கொடுத்து 100 முறை சோதித்தால், பிப்ரவரி 29 ஒரு முறையாவது தலைகாட்டும் வாய்ப்பு 7 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஆகவே உருவாக்கிக்கு எடை கொடுக்கிறோம். ஐந்து முறையில் நான்கு முறை ஏதாவதொரு தேதி; ஒரு முறை, நாம் தரும் சிறப்புப் பட்டியலிலிருந்து ஒன்று. அந்தப் பட்டியலில் பிப்ரவரி 29, டிசம்பர் 31, ஜனவரி 1, இன்றைய நாள் என நான்கு இருக்கட்டும். அப்போது பிப்ரவரி 29 வருவது ஏறக்குறைய 20இல் ஒன்று ஆகிறது. 100 சோதனையில் அது ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 99 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. உருவாக்கியில் ஒரே ஒரு வரியை மாற்றியதன் பலன் இது.

தேதி வரம்பையும் கவனிக்க வேண்டும். மாணவர்களின் வயதை மட்டும் மனத்தில் வைத்து 2008 முதல் 2013 வரை என்று எழுதினால் சோதனை எப்போதும் தேறும். நிரலில் "ஆண்டுக்கு முன்னால் 20 சேர்" என்ற வரி இருந்தாலும் அது வெளியே தெரியாது. ஒருநாள் தாத்தா ஒருவர் நூலகத்தில் பதிய வருவார். 1948இல் பிறந்தவரை நிரல் 2048இல் பிறக்க வைக்கும். வரம்பை நூறு ஆண்டுக்கு விரித்தால் இந்தப் பிழை சில நொடியில் அகப்படும்.

அகப்பட்ட பிறகு கருவி இன்னொரு வேலையும் செய்யும். முதலில் மாட்டியது 1937 ஆகஸ்டு 23 போன்ற ஏதோ ஒரு தேதியாக இருக்கலாம். அதைப் பார்த்தால் ஆகஸ்டு காரணமா, 23 காரணமா என்று குழம்புவோம். கருவி அதைப் படிப்படியாக எளிமையாக்கி, பிழை இன்னும் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும். ஹைப்பாதெசிஸ் தேதிகளை 2000 ஜனவரி 1ஐ நோக்கி எளிமையாக்கும். 2000இல் பிழை வராது. 1999 ஜனவரி 1இல் வரும். அந்தத் தேதியைப் பார்த்தவுடனே "நூற்றாண்டில்தான் கோளாறு" என்று நமக்குப் புரிந்துவிடும். இதற்குக் குறுக்கல் என்று பெயர்.

நம் எழுத்துகளும் சோதனைக்கு வர வேண்டும்

பெயர் உருவாக்கிக்கு வருவோம். 95 விசைகளைத் தற்போக்காகத் தட்டினால், அடுத்தடுத்த மூன்று இடத்தில் சரியாக 'ஏ/எல்' அமையும் வாய்ப்பு 8,57,375இல் ஒன்று. வெறும் எழுத்துகளை மட்டும் தரும் உருவாக்கி என்றால், எத்தனை ஆண்டு ஓடினாலும் அது அமையவே அமையாது. சோதனை நாள்தோறும் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும். வரிசையில் நிற்கும் மாணவிக்கு மட்டும் சிவப்பு விளக்கு.

மலாக்காவை அறிந்தவர் எழுதும் உருவாக்கியோ ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் ஒரு பங்கு தரும்: 'ஏ/எல்', 'ஏ/பி', 'பின்', 'பிந்தி', சீனப் பெயர், '@' உள்ள பெயர், மேற்கோள் குறி உள்ள பெயர், ஒரே சொல்லில் அமைந்த பெயர், மிக நீளமான பெயர். இவை எல்லாம் முதல் 100 சோதனையிலேயே வந்துவிடும்.

தமிழில் எழுதிய பெயர் வந்தால்? தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்து என்று படித்திருக்கிறோம். ஆனால் கணினியின் ஒருங்குறியில் 'டி' என்ற ஓர் எழுத்து, 'ட' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. தமிழ்க் குறியீடுகளைத் தற்போக்காக அள்ளினால் புள்ளியிலும் கொம்பிலும் தொடங்கும் போலிச் சொற்கள்தான் குவியும். உருவாக்கியை நம் இலக்கணப்படி கட்ட வேண்டும்: 18 மெய்யில் ஒன்றை எடு, 12 உயிரில் ஒன்றையோ புள்ளியையோ அதனோடு சேர். இதில் 234 வரும். அதோடு தனி உயிர் 12, ஆய்தம் 1. மொத்தம் 247!

ஒரு நிரல் சொல்லைத் திருப்பி எழுதுகிறது என்று வைப்போம். 'கபடி'யைத் திருப்பினால் 'டிபக' வர வேண்டும். குறியீடுகளை மட்டும் திருப்பும் நிரலில் இகரக் குறி முன்னால் அநாதையாக நிற்கும். "திருப்பினாலும் எழுத்து எண்ணிக்கை மாறக் கூடாது" என்ற பண்பு இதைப் பிடித்துவிடும். ஆனால் உருவாக்கி 'பல', 'கட' போன்ற அகர எழுத்துகளை மட்டும் தந்தால் அதே பண்பும் ஏமாந்துவிடும். பண்பும் உருவாக்கியும் வண்டியின் இரண்டு மாடுகள். ஒன்று நின்றால் மற்றதும் நகராது.

இது எங்கோ மூலையில் நடக்கும் சிறு பிழை என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு ஐபோன் பயனர்களைத் திணறடித்தது. அந்த எழுத்துள்ள குறுஞ்செய்தி வந்தால் போதும், அதைக் காட்ட முயன்ற செயலி முடங்கியது. ஐந்து குறியீடுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் சேர்ந்ததுதான் காரணம். அதே மாதத்திலேயே ஆப்பிள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. தெலுங்கு எழுத்துகள் எப்படியெல்லாம் சேரும் என்று அறிந்த ஓர் உருவாக்கி, இத்தகைய கூட்டுகளை வெளியீட்டுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் உருவாக்கிக் கொடுத்திருக்க முடியும்.

யார் எழுதுவது?

பண்புவழிச் சோதனை மந்திரக்கோல் இல்லை. 100 முறை தேறிய நிரலில் 101ஆம் முறை பிழை வரலாம். பிழை அகப்படாததால் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. கணினி எவ்வளவு வேகமாகத் தாயம் உருட்டினாலும், கட்டையில் இல்லாத எண் விழாது. கட்டையில் எதைப் பொறிப்பது என்பதை உருவாக்கி எழுதுபவரே முடிவு செய்கிறார். அவர் அறிந்த உலகம்தான் சோதிக்கப்படும்; அறியாத உலகம் வரிசையில் காத்து நிற்கும்.

புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இருக்கிறது. தகவல் அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு ஒரு புலமும் உண்டு. நாளை அங்கோ வேறொரு பல்கலைக்கழகத்திலோ மென்பொருள் படிக்கப் போகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். சாய்கோடு உள்ள பெயரோடு வளர்ந்தவருக்கு, அதைச் சோதனையில் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவுக்கு இந்தத் துறையில் வேலை இருக்கிறது.

செய்து பாருங்கள்

கணினி இல்லாமலேயே நண்பர் ஒருவருடன் இதை விளையாடலாம். ஒரு பகடைக்காயும் தாளும் போதும்.

1. ஒருவர் 'நிரல்'. பெயரை ஏற்க ஒரு விதியை எழுதி மறைத்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டு: "மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது."
2. மற்றவர் 'உருவாக்கி'. ஆறு பெயர் வடிவங்களை எழுதி 1 முதல் 6 வரை எண்ணிட வேண்டும்.
3. பகடையை 20 முறை உருட்டி, விழுந்த எண்ணின் வடிவத்தில் ஒரு கற்பனைப் பெயரைச் சொல்ல வேண்டும். 'நிரல்' தம் விதிப்படி ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.
4. நியாயமான ஒரு பெயர் மறுக்கப்பட்டால் பிழை அகப்பட்டது. அந்தப் பெயரை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகக் குறைத்து, இன்னும் மறுக்கப்படும் மிகச் சிறிய வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்.
5. 20 முறையிலும் எதுவும் அகப்படவில்லையா? ஆறு வடிவங்களையும் மாற்றி எழுதி மீண்டும் உருட்டுங்கள்.

ஐந்தாம் படியில் நீங்கள் புதிதாக எழுதும் அந்த ஆறு வடிவங்களைக் கவனியுங்கள். முதல் முறை அவை ஏன் தோன்றவில்லை?